அக்கின்டேலே கட்டிய பள்ளிக்கூடம்

"நன்றியுரை நீதான் சொல்றே," என்றான் அக்கின்டேலே, அமாலாக் களியை உருட்டி வெண்டைக்காய்க் குழம்பில் தோய்த்தபடி.

மொரெனிகேயின் கையிலிருந்த கரண்டி பாத்திரத்தில் மோதி நின்றது.

"எதுக்கு நன்றி?"

"பள்ளிக்கூடம் கட்டிக் குடுத்ததுக்கு."

"எந்தப் பள்ளிக்கூடம்?"

அவன் வாயிலிருந்ததை மெதுவாக விழுங்கினான். "ஆரம்பிச்சுட்டியா? சோறு தின்னும்போதுதான் உனக்கு வாய் நீளும்."

"இரேத்தி அப்பா, நான் தெரியாமத்தான் கேக்குறேன். நான் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஹெட்மிஸ்ட்ரஸ். காலையில எந்திரிச்சு அங்கதான் போறேன். அங்க ஒரு மரம் இருக்கு. மரத்தடியில பசங்க இருக்காங்க. வேற ஒண்ணையும் நான் பாக்கலையே?"

அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. இபாடோரே தொடக்கப் பள்ளியின் கூரையைப் புயல் தூக்கிக்கொண்டு போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. கூரை போன துக்கத்தில் சுவர்களும் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. ஆறு வகுப்பறை கட்ட அரசாங்கம் காண்ட்ராக்ட் விட்டது. காண்ட்ராக்ட் எடுத்தவன் அக்கின்டேலே. செங்கல் வந்தது, சிமெண்ட் வந்தது, நீலநிறக் கூரைத் தகடுகள் லாரி லாரியாக வந்தன. எல்லாம் பள்ளி மைதானத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நேரே போய் மெயின் ரோட்டு மூலையில் இறங்கின. அங்கே அவனுடைய மாடிவீடு எழும்பியது.

அந்த வீட்டில் குடியேறிய புதிதில் மொரெனிகேவுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. குளியலறையில் தங்க நிறக் குழாய். அதைத் திறந்து பார்ப்பதற்காகவே ஒன்றுக்கு இரண்டு முறை கை கழுவினாள். கேள்வி எதையும் அவள் கேட்கவில்லை; கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயம்.

போன வாரம் மழை பிடித்துக்கொண்டபோதுதான் எல்லாம் கெட்டது. மரத்தடியில் நனைந்த பிள்ளைகளைக் கோழிக்குஞ்சுகள் மாதிரி ஓட்டிக்கொண்டு தன் வீட்டு முகப்புக்குக் கொண்டுவந்தாள். மார்பிள் தரையில் சேற்றுக்கால் பட்டதைப் பார்த்த அக்கின்டேலே போட்ட கூச்சலில், பிள்ளைகள் மறுபடியும் மழைக்குள்ளேயே ஓடின. ஓடுவதற்கு முன்னால் இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, அண்ணாந்து பார்த்துக் கேட்டாள்: "டீச்சர், உங்க வீட்டுக்கு மட்டும் எப்படிக் கூரை வந்துச்சு?"

அந்தக் கேள்வி அதற்குப் பிறகு மொரெனிகேயை விட்டுப் போகவில்லை. குழாயைத் திறந்தால்கூட அதுதான் கேட்டது.

"மந்திரி வியாழக்கிழமை வர்றார்," என்றான் அக்கின்டேலே. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது அவன் முகத்தில் குழந்தையின் குதூகலம் வந்துவிட்டது. "கட்டடம் இல்லைங்கிற கவலையே உனக்கு வேணாம். வா, காட்றேன்."

கூடத்தில் ஒரு பெரிய சுருள் கிடந்தது. அதைக் காலால் தள்ளி உருட்டிவிட்டான். சோபாவுக்கு அடியில் புகுந்து, சாப்பாட்டு மேசையைத் தாண்டி, சுவர் வரைக்கும் போய் விரிந்தது ஒரு பிளக்ஸ் பேனர். பேனர் நிறைய ஒரு பள்ளிக்கூடம். ஆறு அறை, கொடிக்கம்பம், பூச்செடி, ஜன்னலுக்கு ஜன்னல் திரைச்சீலை.

"மைதானத்துல கம்பம் நட்டு இதக் கட்டிருவோம். முன்னாடி பந்தல். தூரத்துல நின்னு போட்டோ எடுத்தா நெசக் கட்டடமேதான்!"

மொரெனிகே குனிந்து பார்த்தாள். "கூரை மேல வெள்ளையா இருக்கே, அது என்ன?"

"சுண்ணாம்பு."

"கூரையிலயா?"

அவனும் குனிந்து பார்த்தான். எந்தக் குளிர்நாட்டுப் பள்ளிக்கூடத்தின் படமோ அது. கூரையில் ஒரு முழம் பனி. "அத யாரு பாக்கப் போறா?" என்றான்.

"மந்திரி பாக்க மாட்டாரா?"

"அவரோட பங்கு அவருக்கு எப்பவோ போயிருச்சு. அவர் ரிப்பன் வெட்டுவார், ஜோலோஃப் சோறு சாப்பிடுவார், கார் ஏறுவார். நீ பசங்கள பேனருக்கு முன்னாடி நிறுத்திப் பாட்டுப் பாட வை. போதும்."

"அவர் போனதுக்கப்புறம் பசங்க எங்க உக்காருவாங்க?"

"இது வரைக்கும் எங்க உக்காந்தாங்க?" என்று சொல்லிவிட்டு, அவன் பேனரை மறுபடியும் சுருட்ட ஆரம்பித்தான்.

மறுநாள் பள்ளி விட்டதும் மொரெனிகே சந்தைக்குப் போனாள். அமாலாக் கடை சிகிராத் அவளைவிட மூத்தவள். அவளுடைய பேரப்பிள்ளைகள் மூன்று பேர் அந்த மரத்தடியில் படித்தார்கள். பேனர் கதையைக் கேட்டு சிகிராத் சிரித்த சிரிப்பில் தலைக்கட்டு அவிழ்ந்து குழம்புச் சட்டியில் விழப் பார்த்தது.

"பனியா? நம்ம ஊர்லயா? அடக் கடவுளே! ஏன்டி, பேசாம எல்லாப் புள்ளைங்களையும் கூட்டிட்டுப் போய் உன் வீட்டுல உக்கார வையேன்! செங்கல்லும் பள்ளிக்கூடத்துது, தகடும் பள்ளிக்கூடத்துது, டீச்சரும் பள்ளிக்கூடத்துது. இன்னும் என்ன பாக்கி?"

சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தாள். மொரெனிகே சிரிக்கவில்லை.

"அக்கா, பெஞ்சு தூக்க ஆள் வருவாங்களா?"

சிகிராத்தின் சிரிப்பு நின்றது. குரலைத் தாழ்த்தினாள். "நெசமாவா கேக்குற? உன் புருஷன் உன்ன வீட்ட விட்டுத் தொரத்திட்டா?"

"எந்த வீட்ட விட்டு?" என்றாள் மொரெனிகே. சிகிராத் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை. வானநீல அக்பாடா அங்கியின் மடிப்புகளைத் தோளுக்கு மேல் வாரிப் போட்டுக்கொண்டு, ஊர் எல்லையில் மந்திரியை வரவேற்கப் போனான் அக்கின்டேலே. அவன் கார் வளைவில் திரும்பியதுதான் தாமதம், சந்தைத் தெருவிலிருந்து பெஞ்சுகள் நடந்து வர ஆரம்பித்தன. மீன் விற்பவள் தலையில் ஒரு பெஞ்சு, துணி விற்பவள் தலையில் கரும்பலகை. மைதானத்தில் நட்டிருந்த பெயர்ப்பலகையை நாலு பேர் பிடுங்கித் தூக்கி வந்தார்கள். ரிப்பன்கூட வந்துவிட்டது. பேனர் மட்டும் அங்கேயே, தன் பனியோடு.

பிள்ளைகள் வாசலில் தயங்கி நின்றன. போன வாரத்துக் கூச்சல் இன்னும் காதில் இருந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டன.

"உள்ள வாங்க," என்றாள் மொரெனிகே. "செருப்பப் போட்டுக்கிட்டே வாங்க."

மந்திரியின் பக்கத்தில் உட்கார்ந்து வந்த அக்கின்டேலே, தூரத்திலேயே தன் வீட்டு வாசலில் கூட்டத்தைப் பார்த்தான். மேளக்காரன் தோள்முரசை அக்குளில் இடுக்கி இடுக்கிப் பேச வைத்துக்கொண்டிருந்தான். அக்கின்டேலேயின் நெஞ்சு விம்மியது.

"பாத்தீங்களா சார்! நம்ம ஜனங்க வழியிலயே உங்களுக்கு வரவேற்பு வச்சுட்டாங்க!"

கார் நெருங்கியது. கேட்டில் இருந்த பலகையைப் படித்தான்: இபாடோரே அரசுத் தொடக்கப் பள்ளி. அவன் வாய் திறந்தபடியே இருந்தது. அதற்குள் டி.வி.க்காரர்கள் பின்னால் வந்த வண்டியிலிருந்து குதித்து, கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கேமரா ஓடுகிற பக்கம் மந்திரியும் இறங்கி நடந்தார். மொரெனிகே முழங்கால் மடக்கி வணங்கி, கத்திரிக்கோலைத் தட்டில் நீட்டினாள். ரிப்பன் விழுந்தது. பெண்கள் போட்ட குலவையில் மாமரத்துக் காக்கைகள் பறந்தன.

உள்ளே, தோல் சோபாவில் முதல் வகுப்புப் பிள்ளைகள் ஏழு பேர் புதைந்து கிடந்தார்கள்.

"சின்னப் பசங்களுக்கு சோபாவா?" என்று கேட்டார் மந்திரி.

"முதுகு வலிக்கக் கூடாதுன்னு காண்ட்ராக்டர் தனியா அக்கறை எடுத்துக்கிட்டார் சார்," என்றாள் மொரெனிகே.

பெரிய படுக்கையறையில் மூன்றாம் வகுப்பு, கட்டிலில் குதித்தபடி ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பெருக்கலுக்கும் ஒரு குதி. கண்ணாடி அலமாரியில் வெளிநாட்டுச் சரக்குப் பாட்டில்கள் வரிசையாக மின்னின.

"இது?"

"அறிவியல் சோதனைச்சாலை சார்."

குளியலறைக்கு எதிரே ஒரு வரிசை நின்றது. தங்கக் குழாயைத் திறந்து மூடிப் பார்ப்பதற்காகவே நின்ற வரிசை அது. மந்திரி குழாயைப் பார்த்தார். திரும்பி அக்கின்டேலேயைப் பார்த்தார். அக்கின்டேலே தரையைப் பார்த்தான். மார்பிளில் சேற்றுத்தடம், சின்னச் சின்னதாக, மாடிப்படி வரைக்கும்.

டி.வி.க்காரப் பெண் மைக்கை அவன் வாய்க்குக் கீழே நீட்டினாள். "இவ்வளவு அருமையான பள்ளியைக் கட்டியிருக்கீங்க. இந்த நேரத்துல என்ன தோணுது சார்?"

அக்கின்டேலே மனைவியைப் பார்த்தான். அவள் முகம் வெளிறியிருந்தது. ஆனால் பார்வையை விலக்கவில்லை. இல்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி என்னவென்று அவனுக்குத் தெரியும். மந்திரிக்கும் தெரியும், அவர் செருப்பு அவன் காலை மெதுவாக மிதித்தது.

"ஆமா," என்றான். "இது... பள்ளிக்கூடம்தான்."

பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. ஆனந்தக் கண்ணீர் என்று அன்று மாலைச் செய்தியில் சொன்னார்கள். மந்திரி மைக்கை வாங்கி, இந்த இடமும் கட்டடமும் இன்று முதல் அரசாங்கச் சொத்து என்று அறிவித்தார். மேளக்காரன் அக்கின்டேலேயைப் பிள்ளைகளின் தகப்பன் என்று முரசில் பாடினான். சிகிராத் ஆடிக்கொண்டே வந்து அவன் நெற்றியில் அன்பளிப்பாக ஒரு பணநோட்டை ஒட்டிவிட்டுப் போனாள்.

கார் ஏறும் முன் மந்திரி அவனைத் தனியே இழுத்தார். அவர் கோபம் உண்மையானது.

"உனக்கென்ன பைத்தியமா? நெசமாவே கட்டித் தொலைச்சிருக்க! இனிமே மத்த ஊர்க்காரனுங்களும் கேக்க ஆரம்பிப்பானுங்களே, அதுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

சாயங்காலம் கூட்டம் கலைந்ததும் அக்கின்டேலே பின்படிக்கட்டில் உட்கார்ந்தான்.

"என்னக் கொன்னுட்ட, மொரெனிகே. நாளைக்கே எல்லாரையும் அடிச்சுத் தொரத்துறேன். உன்னையும் சேத்து."

அவளுக்கு அழுகை முட்டியது. அவன் ஒன்றும் இல்லாத காலத்தில் அவனை விரும்பிக் கட்டியவள் அவள்.

"தொரத்துங்க. அப்ப பள்ளிக்கூடம் எங்கன்னு கேப்பாங்க. பேனரக் காட்டுங்க."

அவன் படியில் ஒட்டியிருந்த சேற்றை விரலால் சுரண்டினான். "பனிய நான் பாக்கவே இல்ல," என்றான். அவளுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. அவன் சிரிக்கவில்லை.

சந்தைக்குப் பின்னால் அவன் அப்பா விட்டுப்போன இரண்டு அறை வீட்டுக்குத் திரும்பினார்கள். மழைக்காலம் முழுவதும் மகள் இரேத்தி வழியாகத்தான் அவன் மொரெனிகேயிடம் பேசினான்: "உங்கம்மாகிட்ட உப்புக் கேளு." ஆனால் தெருவில் நிலைமை வேறு. கடைக்காரிகள் அவன் தட்டில் கூடுதலாக ஒரு துண்டு இறைச்சி போட்டார்கள். பிள்ளைகள் மண்டியிட்டு வணங்கின. முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டவன், பிறகு தலையாட்டினான், பிறகு நின்று பெயர் கேட்கவும் தொடங்கினான்.

காண்ட்ராக்ட் மட்டும் வரவில்லை. அவன் நம்பத்தகாத ஆள், எடுத்த வேலையை நிஜமாகவே முடித்துவிடுவான் என்று தலைநகரில் பேச்சாகிவிட்டது. பக்கத்து ஊர் ஆஸ்பத்திரி காண்ட்ராக்டை மந்திரி வேறொருவனுக்குக் கொடுத்தார்.

வெயில் காலம் தொடங்கிய ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளி விடும் நேரத்தில் இளம்பெண் ஒருத்தி மாடிப்படி ஏறி வந்தாள். நர்ஸ் உடுப்பு. பெயர் மொஜிசோலா. கட்டில் இருந்த இடத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த மொரெனிகேயை வணங்கிவிட்டு, கதவைச் சாத்தினாள்.

"அக்கா, பக்கத்து ஊர் ஆஸ்பத்திரி காண்ட்ராக்டர் என் வீட்டுக்காரர்தான். அடுத்த மாசம் தெறப்பு விழா." அவள் கூச்சத்தோடு கைக்குட்டையைத் திருகினாள். "நாங்களும் புதுசா ஒரு மாடிவீடு கட்டியிருக்கோம். மேல ஒரு பெரிய ஹால் இருக்கு. பிரசவ வார்டுக்குச் சரியா இருக்குமான்னு நீங்க ஒரு தடவ வந்து பாக்கணும்."