ஞாயிறு வகுப்புக்கு ஓர் ஒத்திகை

சனிக்கிழமை சாயங்காலம் என் கணவர் ஃபிரிட்ஜுக்கு முன்னால் நின்றுகொண்டு, காய்கறி நறுக்கிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, "அன்பான வாலிபப் பிள்ளைகளே" என்று ஆரம்பித்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். மறுநாள் எங்கள் சபையில் பதின்பருவப் பிள்ளைகளுக்கு விசுவாசம், காதல், உடல் இதையெல்லாம் பற்றி வகுப்பு. போதகரின் மகளும் அதில் இருப்பதால் அவர் நைசாகக் கழன்றுகொண்டார். "உங்கள மாதிரி சண்டையே போடாத ஜோடிதான் இதைச் சொல்லித் தரணும்" என்று எங்கள் தலையில் கட்டிவிட்டார்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவருக்கு எல்லாமே பாதுகாப்பு விதிதான். "பட்டனை அமுக்கியாச்சுங்கறதுக்காகக் கதவைப் பிடிச்சு இழுக்கக் கூடாது. காத்திருக்கணும். ஒருத்தர் வேண்டாம்னு சொன்னா வேண்டாம்தான்" என்றார். நன்றாகத்தான் இருந்தது. சரீரம் என்ற சொல் வரும்போது மட்டும் குரல் தரைத் தளத்துக்கு இறங்கிவிடும்.

"பிள்ளைங்க கேக்கற மாதிரி கேள்வி கேளு" என்றார்.

கத்தியைக் கீழே வைத்தேன். பின்னலை முன்னால் போட்டுக்கொண்டு, பதினைந்து வயசுக் குரலில் கேட்டேன். விளையாட்டாகத்தான்.

"அங்கிள், கல்யாணத்துக்கப்புறமும் வேண்டாம்னு சொல்லலாமா?"

"அப்ப அதுக்கு அவசியமே வராதும்மா. மனைவியோட சரீரம் கணவனுக்குச் சொந்தம்னு வசனமே இருக்கு."

"கணவனோட சரீரம் மனைவிக்குச் சொந்தம்னும் அதே வசனத்துல இருக்கே அங்கிள்."

எங்கள் கல்யாணத்தில் முதல் பாதியை வைத்துத்தான் பிரசங்கித்தார்கள். பின்பாதியை நானாகத்தான் கண்டுபிடித்தேன், நான் வேலை பார்க்கும் பல் கிளினிக்கில் ஆளில்லாத ஒரு மத்தியானம். கண்டுபிடித்து என்ன செய்ய? பல்வலிக்காரர்களிடமா போய்ச் சொல்ல முடியும்?

"அவசியம் வந்தா?" என்றேன். இந்த முறை குரல் பதினைந்து வயசுக்குப் போகவில்லை.

அவர் என்னையே பார்த்தார். "உனக்கு... வந்திருக்கா?"

"வந்திருக்கு."

"நீ சொல்லவே இல்லையே."

"நீங்க கேக்கவே இல்லையே."

ஒத்திகை அதோடு நின்றுபோனது. அவர் கெட்ட மனிதர் இல்லை. எனக்குக் காய்ச்சல் என்றால் பக்கத்தை விட்டு நகராதவர். ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது. சண்டையே போடாத ஜோடி என்று நாங்கள் வாங்கிய நல்ல பேரில் பாதி, நான் வாயை மூடிக்கொண்டிருந்ததால் வந்தது.

ஞாயிறு காலையில் தன் சட்டையோடு என் சேலையையும் அவரே தேய்த்து வைத்துவிடுவது வழக்கம். அன்று சூடான அயர்ன் பாக்ஸைக் கையில் பிடித்தபடி, "உன் சேலையைத் தேய்க்கட்டுமா?" என்று கேட்டார். கேட்டுவிட்டுக் காத்திருந்தார்.

"வேண்டாம்" என்றேன். என்ன ஆகிறது பார்க்கலாம் என்றுதான். அவர் மறுபேச்சில்லாமல் பிளக்கைப் பிடுங்கிவிட்டார்.

சபையின் பின்னறையில் இருந்ததெல்லாம் மழலை வகுப்பின் குட்டி நாற்காலிகள். பையன்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். போதகர் வாசல் நிலையில் சாய்ந்து நின்றார். லிஃப்ட் கதைக்குப் பிள்ளைகள் சிரித்தார்கள். கடைசியில், "கேள்வி ஏதாவது இருக்கா?" என்றார் கணவர். எல்லோரும் தங்கள் ஷூவைப் பார்த்தார்கள். ஜெபித்து முடித்திருக்கலாம். போதகர் கண்ணைக்கூட மூடிவிட்டார்.

"ஒரு கேள்வி இருக்கு" என்றார் கணவர். குரல் இறங்கவில்லை. "கல்யாணத்துக்கப்புறமும் வேண்டாம்னு சொல்லலாமான்னு நேத்து ஒருத்தங்க கேட்டாங்க. நான் தப்பாப் பதில் சொல்லிட்டேன். சரியான பதில ஆன்ட்டி சொல்லுவாங்க."

போதகர் கண்ணைத் திறந்தார். அவருடைய மகள் தலை நிமிர்ந்தாள். கணவர் முன்வரிசையில் காலியாக இருந்த குட்டி நாற்காலியில், முழங்கால் நெஞ்சை இடிக்க உட்கார்ந்து, பிள்ளைகளோடு பிள்ளையாக என்னை அண்ணாந்து பார்த்தார்.

நான் எழுந்தேன். சேலை முழுக்கக் கசங்கல். கையால் அதை நீவிவிட்டபடி, அவர் காத்திருப்பதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.