தகரக் கூரைக்கு மேலே ஒரு மாடி

நாடக அரங்கம் அமைக்கும் படிப்பில் சேர்வதற்காகச் சின்னவள் செய்த மரப்படியில் ஏறி, பெரியவள் அந்த வீட்டில் இல்லாத மாடிக்குக் குடிபோனாள். அன்று செவ்வாய்க்கிழமை. குழாயில் தண்ணீர் வராத நாள்.

ஒரு கூடமும் ஓர் அடுக்களையும்தான் வீடு. தகரக் கூரை, அதற்கு மேல் ஆகாயம். அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். சின்னவள் மரச்சாமான் கடையில் நாற்காலிகளுக்கு பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாள். கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைத்தபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள்: முதல் நாள் வரும்போது சொந்தக் கையால் செய்த படிக்கட்டு ஒன்றைக் கொண்டுவர வேண்டும். நடிகர் ஓடி ஏறினாலும் அது ஆடக் கூடாது. கழற்றி வண்டியில் ஏற்றும்படியும் இருக்க வேண்டும். மேடைப் படி எங்கேயும் போய்ச் சேர வேண்டியதில்லை, மேலே ஒரு வீடு இருப்பதாகப் பார்ப்பவர்கள் நம்பினால் போதும். படி இல்லாமல் வருகிறவரின் இடம் காத்திருக்கும் இன்னொருவருக்குப் போய்விடும். சின்னவள் கடையில் கழித்துப்போட்ட பலகைகளைக் கெஞ்சி வாங்கிவந்து, கூடத்தின் நடுவில் வைத்து அறுத்து, இழைத்து, போல்ட் போட்டு முடுக்கினாள். படி கூரையைத் தொட்டுக்கொண்டு நின்றது. அம்மா பாயை மடக்கி விரித்துப் படுத்தாள்.

படி முடிந்த வாரம் பெரியவள் ஒரு பையோடு புருஷன் வீட்டிலிருந்து வந்துவிட்டாள். ஏன் என்று அவள் சொல்லவில்லை. தோள்பட்டையை யார் கண்ணிலும் காட்டாமல் துணி மாற்றிக்கொள்ள அந்த வீட்டில் ஒரு மூலை இல்லை என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்தது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவள் பையை எடுத்துக்கொண்டு படியேறினாள், இறங்கவில்லை. தகரத்தில் ஓட்டை எதுவும் விழவில்லை. மேலே ஜன்னல் திறக்கும் சத்தமும், பிறகு நடமாட்டமும் கேட்டன. சின்னவள் ஏறிப் பார்த்தபோது தலை கூரையில் இடித்தது. அம்மாவுக்கும் இடித்தது. மேல்படியில் வைத்த சாப்பாட்டுத் தட்டு மட்டும் காலியாகித் திரும்பிவந்தது, கழுவி.

கடிகாரக் கடை வைத்திருந்த மருமகன் அந்த வாரக் கடைசியில் வந்தான். குரலை உயர்த்திப் பேசுகிறவன் இல்லை. செருப்பை ஓரமாக விட்டு, ஏறிப் பார்த்து, நெற்றியில் வீக்கத்தோடு இறங்கி, கீழ்ப்படியில் உட்கார்ந்துகொண்டான்.

“அவசரமில்ல அத்தை. என்னைக்காவது இறங்கித்தானே ஆகணும்.”

மறுநாள் முதல் விடிந்ததும் வந்து, விளக்கு வைக்கும்வரை உட்கார்ந்திருந்தான். கடையைத் தம்பி பார்த்துக்கொண்டான். அவன் வந்தால் மேலே நடமாட்டம் நின்றுவிடும். அம்மா அவனுக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். மருமகனாயிற்றே, தெருவும் பார்த்துக்கொண்டிருந்தது. ஒருநாள் டம்ளரை நீட்டும்போது மெல்லக் கேட்டாள்: “பேசித் தீத்துக்கக் கூடாதா மாப்பிள்ளை?”

“பேசத்தானே உக்காந்திருக்கேன்” என்றான் அவன். சொல்லிக்கொண்டே பக்கத்துப் பலகையில் விரலால் தட்டினான். பலகைக்குள் ஏதோ சுருங்குவதுபோல் சின்னவளுக்கு இருந்தது. அன்றிலிருந்து அவள் மனசுக்குள் ஒரே கணக்குத்தான். படியை எடுத்தால் அக்கா மேலேயே மாட்டிக்கொள்வாள், அல்லது மாடியே இல்லாமல் போய் விழுவாள். எடுக்காவிட்டால் படிப்பு போயிற்று. மருமகனுக்கும் இந்தக் கணக்கு தெரிந்திருந்தது.

கல்லூரி திறக்கும் நாள் காலையில் வாசலில் குட்டியானை வண்டி வந்து ஹாரன் அடித்தது. மருமகன் நகரவில்லை. சின்னவள் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“நான் போகல அக்கா!” என்று கூரையைப் பார்த்துக் கத்தினாள்.

பல நாளைக்குப் பிறகு மேலிருந்து குரல் வந்தது. “பைத்தியமா உனக்கு? கழட்டுடி.”

“நீ எப்படி இறங்குவ?”

“இறங்குறேன்னு நான் சொன்னேனா?”

மருமகன் சிரித்தான். கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அப்போது அடுக்களையிலிருந்து அம்மா வந்தாள். கையில் காபி இல்லை. ஆஸ்பத்திரிப் போர்வைகளைப் பிழிந்து பிழிந்து முறுக்கேறிய கைகளை இடுப்பில் ஊன்றிக்கொண்டு நின்றாள்.

“எந்திரிங்க மாப்பிள்ளை. என் பொண்ணுக்கு நேரமாகுது.”

“எந்தப் பொண்ணுக்கு?”

“ரெண்டு பேருக்கும்தான். எந்திரிடா.”

அந்த ‘டா’ தெருமுனைவரை கேட்டது. ஹாரன் அடித்துக்கொண்டிருந்தவரே கையை எடுத்துவிட்டார். மருமகன் எழுந்தான், எழுந்ததை அவனே எதிர்பார்க்கவில்லை என்று முகம் சொன்னது. சின்னவள் முதல் போல்ட்டைக் கழற்றினாள். மேலே ஜன்னல் சாத்தும் சத்தம். அடுத்ததைக் கழற்றும்போது தகரம் முனகியது. கடைசி நட்டு வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. அம்மா ஸ்பேனரோடு மகளின் கையையும் சேர்த்துப் பிடித்துத் திருப்பினாள். நட்டு உருண்டு விழுந்தது. மேலே ஒரு சத்தமும் இல்லை. மூன்று பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார்கள். அம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

பிறகு மேலே யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள்.

“மெதுவா ஏத்துங்க, முனை உடைஞ்சிடப்போகுது” என்றாள் பெரியவள்.

கல்லூரியில் ஆசிரியர் அந்தப் படியில் ஓடி ஏறிப் பார்த்து, உச்சியில் நின்று ஒரு குதி குதித்துவிட்டு இறங்கினார். அது எங்கேயும் போய்ச் சேரவில்லை. இடம் உறுதியாயிற்று. மருமகன் கொஞ்ச நாள் எதிர்ச்சாரியில் நின்று கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான். கழுத்து பிடித்துக்கொண்டதும் வருவதை நிறுத்தினான். அதற்குப் பிறகு ஒரு காலையில் பெரியவள் ஈரத்தலையோடு அடுக்களையில் வந்து உட்கார்ந்து, இன்னும் ஒரு கரண்டி சோறு கேட்டுச் சாப்பிட்டுவிட்டு வேலை தேடப் போனாள். சாயங்காலம் திரும்பி மேலே போய்விட்டாள். எப்படி வந்து போகிறாள் என்று அம்மா கேட்கவில்லை. கொசு இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள். சின்னவள் படிப்பை முடித்து, பெரிய நாடகங்களுக்கு அரண்மனைகளும் சிறைகளும் கட்டினாள். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் கூரையைத் துடைப்பக் கட்டையால் தட்டுவாள், அக்கா பதிலுக்குத் தட்டுவாள்.

ஒரு வருஷம் மழை விடாமல் கொட்டியது. தெருவில் எல்லா வீட்டிலும் பாத்திரம் வைத்துப் பிடித்தார்கள். அவர்கள் கூடத்தில் மட்டும் ஒரு சொட்டு விழவில்லை. மாடி உள்ள வீட்டில் கீழ்த்தளம் எப்படி ஒழுகும் என்றார்கள் தெருவில்.