விஜயன் சொன்ன எஞ்சின்

அமலி மருத்துவமனை நர்ஸ் வேலையை விட்டுவிட்டு, வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனிக்கத் தொடங்கி ஒரு வருடம் ஆகியிருந்தது. மடக்குச் சக்கர நாற்காலியையும் ஆக்சிஜன் மெஷினையும் பார்த்தாலே ஆட்டோக்காரர்கள் நிற்காமல் போய்விடுவார்கள். பின்பக்கம் நீளமான பழைய ஸ்டேஷன் வேகன் ஒன்றை வாங்கிவிடலாம் என்று அவளும் கணவன் இஸ்ரவேலும் முடிவு செய்தார்கள். இஸ்ரவேல் தில்லி மயூர் விஹாரில் கணக்கு வாத்தியார். அவனுக்குக் காரை ஓட்டத் தெரியும், அவ்வளவுதான்.

"விஜயனைக் கூப்பிடுவோம். டீசல்ல அவனுக்குத் தெரியாதது இல்ல" என்றாள் அமலி.

விஜயன் பாளையங்கோட்டையில் அவளோடு படித்தவன். தில்லியில் ஜெனரேட்டர் பழுதுபார்க்கும் கம்பெனியில் வேலை. கல்யாணமாகி ஒன்பது வருடங்களாகியும் அமலி இஸ்ரவேலை 'நீங்க' என்றுதான் அழைப்பாள். விஜயனிடம் மட்டும் 'வா, போ' என்று சரளமாக வரும். அதைக் கேட்கும்போதெல்லாம் இஸ்ரவேல் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவான்.

பழைய கார் வியாபாரியிடம் ஒரே மாடலில் இரண்டு வண்டிகள் இருந்தன. வெள்ளை வண்டியில் இரண்டு லிட்டர் டீசல், பழைய புகை விதிப்படி செய்த பிஎஸ் நாலு. சாம்பல் நிற வண்டியில் ஒன்றரை லிட்டர், புதிய விதிப்படி செய்த பிஎஸ் ஆறு. விஜயன் இரண்டின் பானெட்டையும் திறந்து வைத்து, கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டான். சைலன்சருக்குள் கைக்குட்டையை விட்டு எடுத்து அமலியிடம் காட்டினான். அவள் குனிந்து பார்த்து, "ஏ, சாம்பல்ல கரியே இல்லியே!" என்று சிரித்தாள். வீட்டில் அவள் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று இஸ்ரவேல் யோசித்துப் பார்த்தான்.

"சின்ன எஞ்சினையே எடுத்துக்கிடுங்க சார்" என்றான் விஜயன். "இதுல புகை வடிகட்டி இருக்கு. ஊருக்குள்ளயே உருட்டிக்கிட்டு இருந்தா அடைச்சுக்கிடும். வாரம் ஒரு தடவை ஹைவேயில அரை மணி நேரம் விரட்டினாப் போதும், சரியாயிரும்."

"வெள்ளைக்கு என்ன குறை?" என்றான் இஸ்ரவேல்.

"எஞ்சின் தங்கமான எஞ்சின். ஆனா நவம்பர்ல காத்து கெட்டுப் போச்சுன்னா பிஎஸ் நாலு டீசலை ரோட்டுல விடமாட்டான்."

"வருஷத்துல நாலு நாள். அதுக்காக வடிகட்டியைக் கட்டிக்கிட்டு அழணுமா?" வெள்ளை வண்டிதான் என்று முடிவு செய்து இஸ்ரவேல் வியாபாரியிடம் இந்தியில் சொன்னான். "பையா, சஃபேத் வாலி."

அமலி அவனை ஒரு கணம் பார்த்தாள். விஜயன் சாம்பல் வண்டியின் பானெட்டை மெதுவாக இறக்கி மூடினான். சாம்பல் வண்டியை விஜயன் குறை சொல்லியிருந்தால் அதையே வாங்கியிருப்போம் என்பது இஸ்ரவேலுக்கு அப்போதே தெரியும்.

நான்கு மாதங்கள் வெள்ளை வண்டி ஒரு தொந்தரவும் தரவில்லை. ஒவ்வொரு காலையும் அது உறுமிக் கிளம்பும்போது யாரையோ தோற்கடித்த மாதிரி இருந்தது அவனுக்கு. நவம்பர் இரண்டாம் வாரம் எதிர் பிளாக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் புகை இறங்கியது. பிஎஸ் நாலு டீசலுக்குத் தடை உத்தரவு வந்தது. லோதி ரோடு அரசாங்கக் குடியிருப்பில் மேதா என்ற பெண்ணுக்குத் தினமும் ஆக்சிஜன் மெஷினைக் கொண்டுபோயே ஆகவேண்டும். அமலி இஸ்ரவேலிடம் கேட்கவே இல்லை. போனை எடுத்தாள். மறுநாள் காலை ஏழு மணிக்கு விஜயனின் பெட்ரோல் கார் வாசலில் நின்றது.

இஸ்ரவேல் பால்கனியில் நின்று பார்த்தான். அமலி முன்சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினாள். நான்கு நாள் இதே காட்சி. வகுப்பில் அவன் பின்னத்தைத் தப்பாகப் போட, பிள்ளைகள் திருத்தினார்கள்.

ஐந்தாம் நாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு, கார் கிளம்பியதுமே மெட்ரோவில் லோதி ரோட்டுக்குப் போனான். எதைப் பார்க்கப் போகிறோம் என்று தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. அந்தக் கட்டிடத்துக்கு லிஃப்ட் கிடையாது. முதல் மாடித் திருப்பத்தில் விஜயன் மெஷினைக் கட்டிப்பிடித்தபடி இருமிக்கொண்டு நின்றிருந்தான். முகமெல்லாம் வியர்வை.

"சார், நல்ல நேரத்துல வந்தீங்க. அந்தப் பக்கம் பிடிங்க."

பிடித்தான். நான்கு படி ஏறியதும், "எதுக்காக இதெல்லாம் செய்யுதீங்க?" என்று கேட்டேவிட்டான்.

விஜயன் மூச்சு வாங்கினான். "அவ நர்சிங் முடிச்சப்ப எங்கம்மா போய்ப் பொண்ணு கேட்டாங்க. நாங்க வேதக்காரங்க இல்ல, சர்ச்சுக்குப் போறவங்க இல்லன்னு அவங்கப்பா அனுப்பிட்டாரு. அமலிக்குத் தெரியாது. நீங்க கேட்டதால சொல்லுதேன். ஒளிச்சு வச்சுக்கிட்டு உங்க வீட்டுல காபி குடிக்கப் பிடிக்கல."

ஒன்பது வருடமாகச் சந்தேகப்பட்டது உண்மை என்று தெரிந்தும் இஸ்ரவேலால் கோபப்பட முடியவில்லை. மெஷினின் பாதி பாரம் அவன் கையில் இருந்தது. இருவரும் சேர்ந்து மேலே கொண்டுபோய் வைத்தார்கள். கதவைத் திறந்த அமலி இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

அன்று சாயங்காலம் சமையலறையில் அவளிடம் சொன்னான். "நான் அந்த எஞ்சினை வேண்டாம்னு சொல்லல. அவனை வேண்டாம்னு சொன்னேன்."

"தெரியும்." அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"அவங்க வீட்டுல உன்னைப் பொண்ணு கேட்டாங்களாம்."

"அதுவும் தெரியும். அம்மா அன்னைக்கே சொல்லிட்டாங்க. அதனாலதான் இத்தனை வருஷமும் அவன்கிட்ட மெஷின், மோட்டார், எஞ்சின் தவிர எதையும் பேசினதில்ல." கத்தியைக் கீழே வைத்தாள். "நீங்க ஒரு நாளாவது என்கிட்ட கேட்டிருக்கலாம். கேட்காம, உங்க சந்தேகத்தை என் நோயாளிங்க தலையில கொண்டுபோய் வச்சீங்க பாருங்க, அதைத்தான் என்னால பொறுக்க முடியல."

மறுநாளே இஸ்ரவேல் வெள்ளை வண்டியை விற்கச் சொல்லிவைத்தான்.

டிசம்பரில் வெள்ளை வண்டியை ராஜஸ்தான்காரர் ஒருவர் எடுத்துக்கொண்டார். அடுத்த ஞாயிறு இஸ்ரவேல் தானே விஜயனுக்குப் போன் செய்தான். வியாபாரியிடம் நீல நிறத்தில் ஒரு பிஎஸ் ஆறு வந்திருந்தது. அமலிக்கு வேலை இருந்ததால் இருவர் மட்டும் போனார்கள். விஜயன் எஞ்சினை முடுக்கினான்.

"கேளுங்க சார். நாலாவது சிலிண்டர்ல லேசா ஒரு தட்டல். கேக்குதா?"

இஸ்ரவேல் காதைத் தாழ்த்திக் கேட்டான். அவனுக்கு எல்லாம் ஒரே இரைச்சலாகத்தான் இருந்தது. அமலிக்குக் கேட்டிருக்கும் என்ற எண்ணம் வந்தது, அது சுருக்கென்று குத்தவும் செய்தது.

"கேக்கல. நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, விஜயன் பார்ப்பதற்குத் தோதாக டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.