டார்லாவுக்குக் கொடுத்த நாட்கள்

அமெரிக்காவின் ஒஹாயோவில் ஒரு சின்ன ஊரின் பள்ளியில் நான் கணக்கு வாத்தியார். பிறந்தது நெதர்லாந்தில், ஸ்வோல்லே என்ற ஊரில். கல்யாணம் ஆகி இங்கே வந்து பாதி ஆயுள் ஓடிவிட்டது. என் பெயர் மார்கிரீத். அதைச் சொல்ல இங்கே யாருக்கும் பொறுமை இல்லாததால் மேகி ஆகிவிட்டேன். அங்கே போனாலும் இங்கே இருந்தாலும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: எந்தப் பக்கத்து வாழ்க்கை நல்லது? முன்பெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்வேன். இப்போது அலுத்துவிட்டது. கேட்கிறவர்கள் பதிலையும் கையோடு கொண்டுவருகிறார்கள். தலையாட்ட ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் பள்ளியில் உடம்பு சரியில்லை என்று எடுக்கும் விடுப்புக்கு அளவு உண்டு. எடுக்காத நாட்கள் அடுத்த வருஷத்தோடு சேரும். அதனால் யாரும் எடுப்பதில்லை. காய்ச்சலோடு வருவோம், இருமிக்கொண்டே பின்னம் நடத்துவோம், பிள்ளைகள் அந்தக் காய்ச்சலை வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். வந்த புதிதில் இதைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். ஸ்வோல்லேயில் காய்ச்சல் வந்தால் போனில் சொல்லிவிட்டு இழுத்துப் போர்த்திக்கொண்டு படுக்க வேண்டியதுதான். மூக்கை உறிஞ்சிக்கொண்டு வேலைக்குப் போனால்தான் பக்கத்து மேசைக்காரர்கள் முறைப்பார்கள். சிரித்த நானே பிறகு எல்லாரையும்விட அதிகமாகச் சேர்த்துவைத்தேன். ஊரோடு ஒத்துப்போக இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை.

என் அக்கா லீஸ்பெத் அந்த இலையுதிர் காலத்தில் போன் செய்தாள். கல்யாணம் செய்துகொள்ளாதவள், நூலகத்தில் வேலை. குடலில் கட்டி இருக்கிறது, ஜனவரிக் கடைசியில் அறுவை சிகிச்சை என்று வானிலை அறிக்கை வாசிப்பதுபோல் சொன்னாள். சம்பளத்தோடு எத்தனை மாதம் வேண்டுமானாலும் வீட்டில் இருக்கலாமாம். ஆஸ்பத்திரிச் செலவு பற்றி அவள் யோசிக்கவே வேண்டாமாம். வீட்டுக்கு நர்ஸ் வருவாராம். எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகு கொஞ்சம் தயங்கினாள்.

"ஒரு குறையும் இல்ல, மார்கிரீத். ஆனா மயக்கம் தெளியறப்ப தெரிஞ்ச முகம் ஒண்ணு பக்கத்துல இருந்தா தேவலன்னு தோணுது. முடிஞ்சா வா."

சின்ன வயசிலிருந்து அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை. வருகிறேன் என்றேன். கூடப் பிறந்தவர்களின் நோய்க்கும் இந்த விடுப்பை எடுக்கலாம் என்று எங்கள் விதி இருக்கிறது. சேர்த்த நாட்களுக்கு அன்றைக்குத்தான் ஒரு அர்த்தம் கிடைத்தது.

டார்லா எனக்குப் பக்கத்து வகுப்பறை. இலக்கணம் நடத்துபவள், வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிடப் பெரிசு. பல வருஷமாக இரண்டு பேரும் ஒன்றாகத்தான் மதியச் சாப்பாடு. நவம்பரில் அவளுக்கு மார்பில் புற்றுநோய் என்று தெரிந்தது. அவள் சேர்த்த நாட்களெல்லாம் முந்தின வருஷமே, அம்மாவைப் படுக்கையில் வைத்துப் பார்த்ததில் கரைந்துபோயிருந்தன. வேலையை விட்டால் காப்பீடு போய்விடும், காப்பீடு போனால் மருந்து போய்விடும். வேலைக்குப் போனால்தான் வைத்தியம், வைத்தியம் செய்துகொண்டால் வேலைக்குப் போக முடியாது. இதை நான் ஸ்வோல்லேயில் சொன்னபோது, நான் ஏதோ தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறேன் என்றே நினைத்தார்கள்.

ஆனால் எங்கள் ஊர் உதவிக்குக் கிளம்பியதையும் சொல்ல வேண்டும். தீயணைப்பு நிலையத்தில் அவளுக்காகப் பணம் திரட்ட ஸ்பகெட்டி விருந்து வைத்தார்கள். பள்ளி முழுக்க அவள் பெயர் போட்ட ஊதா பனியன் போட்டுக்கொண்டது. கோழியும் நூடுல்ஸும் பாலாடைக்கட்டியும் சேர்த்துச் சுட்ட தட்டுகள், அடியில் கொடுத்தவர் பெயர் ஒட்டி, அவள் வீட்டு வாசலில் அடுக்கடுக்காக வந்து இறங்கின. டார்லாவின் புருஷன் குளிர்பெட்டியில் இடமில்லாமல் கராஜில் கொண்டுபோய் வைத்தான். இந்த ஜனங்களின் கைக்கு நான் எப்போதும் மரியாதை கொடுப்பேன். அந்தக் கை எதற்காக இவ்வளவு ஓடியாட வேண்டியிருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் மரியாதைக் குறைவு.

எல்லாவற்றுக்கும் மேலே, நாள் கொடுப்பது. தான் சேர்த்த நாட்களை இங்கே ஒருவர் இன்னொருவருக்குக் கொடுத்துவிடலாம். தலைமையாசிரியர் ஹென்ஷா ஆசிரியர் அறையில் தொண்டையைச் செருமிக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். விளையாட்டு வாத்தியார் பில், முதுகுவலியில் நிமிர முடியாதவர், உடனே கொடுத்தார். சமையலறை வோண்டா கொடுத்தாள். ஒருவர் பின் ஒருவராகச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். என்னிடம்தான் அதிகம் இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். அதனாலேயே ஒருவர்கூட என் பக்கம் திரும்பவில்லை. அந்தத் திரும்பாமை எனக்கு எரிச்சலாக இருந்தது. வாயைத் திறந்து கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

சம்பளம் இல்லாமல் அக்காவிடம் போகலாமே என்று தோன்றலாம். என் கணவர் கேரியின் இருதய மாத்திரைகளும் என் வேலையோடு வரும் காப்பீட்டில்தான் தொங்குகின்றன. அவர் நாற்காலியில் உட்கார்ந்து பந்தாட்டம் பார்த்தார், ஆனால் சத்தத்தைக் குறைத்துவைத்திருந்தார்.

லீஸ்பெத்துக்குப் போன் செய்தேன். முழுக்கச் சொல்ல விடவில்லை அவள்.

"அவளுக்குக் கொடு. என்னைப் பாத்துக்க ஒரு அரசாங்கமே இருக்கு. அவளுக்கு யாரு இருக்கா?"

அவளுக்கு ஊரே இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அக்கா சொன்னதை அப்படியே நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. கிட்டத்தட்ட எல்லா நாட்களையும் டார்லா பெயருக்கு மாற்றிவிட்டேன்.

டார்லா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்போதுதான் நான் சும்மா இருக்கமாட்டாமல் அக்கா விஷயத்தை உளறினேன். அவள் முகம் மாறியதை நான் சரியாகக் கவனிக்கவில்லை.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கண் விழித்தபோது பக்கத்தில் ஒரு நர்ஸ் பெண் இருந்தாளாம், ரொம்ப மரியாதையானவளாம். வீட்டுக்கு வந்த பிறகு, ரத்தம் கட்டாமலிருக்கக் காலில் போடும் இறுக்கமான காலுறையை மாட்டிவிடக் காலையில் ஒருவர் வருவார், கழற்றிவிடச் சாயங்காலம் ஒருவர் வருவார். இடையில் யாரும் இல்லை. கதவுத் துவாரம் வழியாக வந்து விழுந்த வாழ்த்து அட்டைகளைக் கயிற்றில் கோர்த்துத் தொங்கவிட்டிருந்தாள். இரண்டு வீடு தள்ளி இருப்பவள், அடுத்த வாரம் வியாழக்கிழமை காப்பிக்கு வரலாமா, சௌகரியப்படுமா என்று கேட்டாளாம். கிண்டலாகத்தான் சொன்னாள், ஆனால் அந்த வியாழக்கிழமைக்காக அவள் காத்திருந்தது எனக்குக் கேட்டது. வசந்த விடுமுறையில் ஒரு வாரம் வரட்டுமா என்றேன். இப்போது நானே நடக்கிறேன், எதற்கு வீண் அலைச்சல் என்றாள். கேட்க வேண்டியதை அவள் ஒரு தடவை கேட்டு முடித்துவிட்டாள்.

மார்ச்சில் ஒரு திங்கட்கிழமை, பக்கத்து வகுப்பில் டார்லாவின் குரல். ஓடிப்போய்ப் பார்த்தேன். தலையில் துணி, முகம் சாம்பல். மருந்து ஏற்றுவது பாதிகூட முடியவில்லை. பிள்ளைகள் வெளியே போகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"பைத்தியமா உனக்கு? படுத்துக் கெடக்கத்தானே குடுத்தோம்?"

"படுக்க முடியலடி, மேகி," என்றாள் டார்லா. "செவ்வாக்கெழம படுத்திருந்தேன். இது பில்லோட நாளுன்னு ஞாபகம் வந்துச்சு. அவன் முதுக வளைச்சுக்கிட்டு பந்து பொறுக்கறான், நான் அவன் நாள்ல தூங்கறேன். புதங்கெழம வோண்டாவோட நாள். எவளுக்குத் தூக்கம் வரும்?"

"நாளுக்குப் பேரு எழுதியா இருக்கு?"

"எனக்கு இருக்கு." நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். "உன் நாள மட்டும் நான் தொடவே இல்ல. பத்திரமா வச்சிருக்கேன். ஸ்கூல் முடியறப்ப திருப்பிக் குடுத்துடுவேன், நீ உங்கக்காவப் போய்ப் பாரு."

கத்த வேண்டும்போல் இருந்தது. அவளை எழுப்பி வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போயிருக்க வேண்டும். ஆனால் அவள் அவ்வளவு பெருமையாகச் சொன்னாள். சாகக் கிடந்தாலும் அடுத்தவர் தலையில் பாரமாக இருக்கக் கூடாது என்று இந்த ஊரில் பால் குடிக்கும்போதே கற்றுக்கொடுத்துவிடுகிறார்கள், அதோடு மல்லுக்கட்ட என் உடம்பில் தெம்பில்லை. அன்றிலிருந்து மதியத்தில் அவள் மேசையில் தலை சாய்த்துக் கிடப்பாள், நான் அவள் வகுப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வேன். மருந்து ஏற்றும் நாட்களில் மட்டும் வரமாட்டாள். அப்படித்தான் ஜூன் வரை இழுத்துக்கொண்டு போனோம்.

கடைசி நாளன்று என் கையைப் பிடித்து அலுவலகத்துக்கு அழைத்துப்போனாள். மிச்ச நாட்களை மேகிக்குத் திருப்ப வேண்டும் என்றாள். அங்கே இருந்த பெண் நல்லவள், குரலைத் தாழ்த்திக்கொண்டு விளக்கினாள். கொடுத்த நாளைத் திருப்பிக் கொடுக்க விதியில்லை. பள்ளி மூடும் அன்றைக்கு, கொடுத்ததில் செலவாகாதது தானாகவே அழிந்துவிடும். இது எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்தோம் என்றாள்.

டார்லா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். அழவில்லை. "நான் தூங்கியிருக்கலாமே, மேகி," என்று மட்டும் சொன்னாள்.

அவளை வீட்டில் விட்டுவிட்டு வந்து லீஸ்பெத்துக்குப் போன் செய்தேன். எனக்கு மதியம், அவளுக்குச் சாயங்காலம். காலுறையெல்லாம் போயிற்று, உடம்பு தேறிவிட்டது. ஜூலையில் வருகிறேன் என்றேன். வா, ஆனால் முதல் வாரம் வேண்டாம், நடைக் குழுவோடு வெளியூர் போகிறேன் என்றாள். அப்புறம், கேட்க மறந்துவிட்டதுபோல் கேட்டாள்.

"அந்தப் பொம்பள நல்லா ஓய்வெடுத்தாளா?"

சன்னலுக்கு வெளியே கேரி புல் வெட்டிக்கொண்டிருந்தார். அந்த இயந்திரத்தின் சத்தத்தைச் சாக்காக வைத்து எழுந்துபோய்ச் சன்னலைச் சாத்தினேன்.

"எடுத்தா," என்றேன். "நல்லாத் தூங்கினா."

"அப்ப சரி," என்றாள் லீஸ்பெத். "நான் ஒண்டியா சமாளிச்சதுக்கு ஒரு பிரயோசனம் இருந்துச்சு."