செருப்பா, காலா?

தொழுநோய் ஆஸ்பத்திரியில் செருப்பு தைப்பவன் நான். மரத்துப்போன காலைச் செருப்பு கடித்தால் வலி தெரியாது. புண் வந்த பிறகுதான் தெரியும். அதனால் என் அளவு பிசகக் கூடாது, பிசகியதும் இல்லை. தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, தற்பெருமைதான், இருக்கட்டுமே.

அப்படிப்பட்ட என்னிடம் வந்து, என் மனைவியின் தம்பி செருப்பைத் தொப்பென்று போட்டான். அவனுக்கு நோய் குணமாகி வெகுகாலம் ஆகிறது. உள்ளங்கால் புண் மட்டும் ஆறுவதாக இல்லை.

"மாமா, வார் பதிஞ்சு தடம் விழுந்திருக்கு பாருங்க. சின்னதா தைச்சிட்டீங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு பெரிதாகத் தைத்தேன். மறுபடி வந்தான். இன்னும் பெரிதாகத் தைத்தேன். மறுபடியும் வந்து, காத்திருந்தவர்கள் காதில் விழும்படி, "அக்காவைக் கட்டின நாள்லேர்ந்து இவர்கிட்ட எல்லாமே குறைச்சல்தான்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வாடா டாக்டர்கிட்ட! என் செருப்பு தப்பா, உன் கால் தப்பான்னு அவங்களே சொல்லட்டும்!"

டாக்டரம்மா செருப்பைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவன் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தினார். விழுந்த குழி அப்படியே நின்றது. சிறுநீரும் ரத்தமும் எடுக்கச் சொன்னார். மத்தியானம் மறுபடி கூப்பிட்டார்.

"செருப்பு சரியாத்தான் இருக்கு. கால்தான் வீங்கியிருக்கு."

"கேட்டியாடா!" என்று மேஜையைத் தட்டினேன்.

"கிட்னி கெட்டுட்டு வருது. புண்ணு வருஷக்கணக்கா ஆறாம இருந்தா இப்படியும் ஆகும். தொழுநோய் நேரா ஆளைக் கொல்றதில்ல. ஆனா அது வந்துபோனவங்க சில பேரு கடைசியில கிட்னியால போயிருக்காங்க. இவரை இன்னைக்கே சேர்க்கணும்."

மேஜையைத் தட்டிய கையை இழுத்துக்கொண்டேன். இவன் அக்காவிடம் என்ன சொல்வேன்? இவனோடு சண்டை போடாமல் எனக்குச் சோறு இறங்குமா?

"இல்லீங்க டாக்டர், அளவு என் தப்புதான்" என்றேன். "ஒவ்வொரு தடவையும் நான்தான் சின்னதா தைச்சேன். இன்னொரு தரம் நல்லாப் பாருங்க, கால்ல ஒண்ணுமே இருக்காது."

அழ வேண்டியவன் பல்லைக் காட்டினான்.

"இதை எல்லார் முன்னாடியும் சொல்லுவீங்களா மாமா?"

"தினமும் சொல்றேன்டா மாப்ள" என்றேன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "கேக்கறதுக்கு நீ இருக்கணும், அவ்வளவுதான்."