ராமக்காள் முகத்துக்கு மேக்கப்

“எண்ணெய் தேச்சுக் குளிச்சுட்டா வந்தீங்க?”

ஹசீனா கேட்டதும் கண்ணம்மாளுக்குக் காது சூடானது. நல்ல காரியத்துக்குப் போகிறோமே என்று விடியும் முன்னே எழுந்து, உச்சி முதல் கால் வரை நல்லெண்ணெய் தேய்த்து முழுகி, முகத்துக்கு மஞ்சளும் பூசிக்கொண்டு வந்திருந்தாள். ஹசீனா ஈரப் பஞ்சால் ஒற்றிய பான்கேக் பூச்சு கன்னத்தில் நிற்காமல், எருமை முதுகில் ஊற்றிய தண்ணீராட்டம் வழுக்கி இறங்கியது.

“நல்ல நாளும் அதுவுமா எண்ணெய் வெக்காம எப்பிடிங்க?”

“நல்ல நாளு வியாழக்கெழமைக்கா. இன்னிக்கு வெறும் போட்டோதான். போங்க, பின்னால கடலமாவு வெச்சிருக்கேன். தோலு உரியற மாதிரி தேச்சுட்டு வாங்க.”

பாலக்கோடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்தில் அப்துல் கனியின் போட்டோ ஸ்டுடியோ. படம் எடுப்பது கனி பாய். கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடுவது அவர் வீட்டம்மா ஹசீனா. பெங்களூரில் அக்கா வீட்டில் ஆறு மாதம் இருந்து கற்றுக்கொண்டு, ஒரு தகரப்பெட்டி நிறைய ட்யூபும் டப்பாவுமாகத் திரும்பி வந்தவள். அந்தப் பெட்டிக்கு இதுவரை மணப்பெண்கள்தான் வந்திருக்கிறார்கள். செத்துப்போனவள் ஒருத்திக்கு மேக்கப் போடச் சொல்லி வந்தது இந்தக் குடும்பம்தான்.

செத்தவள் ராமக்காள், கண்ணம்மாளின் அக்கா. கோவிந்தனைப் பெற்ற பதினோராம் மாதம் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். காரியம் முடிந்த கையோடு, பதினைந்து வயசுக் கண்ணம்மாளைப் பிள்ளைக்குத் தாயாக வேண்டுமென்று அக்கா புருஷன் நஞ்சப்பனுக்கே கட்டிவைத்தார்கள். அவள் கழுத்தில் தாலி ஏறியபோது பவுடரும் இல்லை, போட்டோவும் இல்லை. இடுப்பில் கோவிந்தன் இருந்தான். அவன் இப்போது சர்க்கரை மில்லில் கரும்பு எடை போடும் இடத்தில் வேலை பார்க்கிறான். வியாழக்கிழமை அவனுக்கு முகூர்த்தம்.

பெண் காரிமங்கலத்துப் பக்கம். பெண்ணின் அப்பன் கருப்பண்ணன் நிச்சயத்தன்றே ஒன்று சொல்லிவிட்டார்: இளையாளாக வந்தவள் மணவறையில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்கக் கூடாது, எங்கள் வழக்கம் அது, பெற்றவள் படத்தை மேடையில் வைத்துவிடலாம், சித்தியானவள் கீழே சனத்தோடு இருக்கட்டும். கோவிந்தன் தலையை ஆட்டிவிட்டு வந்தான். வீட்டில் ஒரு படம் இருக்கத்தான் இருந்தது, ராமக்காளின் கல்யாணப் படம். ஐப்பசி மழையில் சுவரோடு சேர்ந்து நனைந்து, கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. துடைக்கிறேன் பேர்வழி என்று கோவிந்தன் ஈரத்துணி போட்டு இழுத்தான். முகம் துணியோடு வந்துவிட்டது. மிஞ்சியது ஒரு கையும், சீலைக் கரையும், பின்னல் நுனியும்.

அக்காளும் தங்கையும் ஒரே அச்சு என்று ஊரே சொல்லும். ஆகவே அக்காளாக வேஷம் போட்டுப் படம் எடுக்க, கண்ணம்மாள் ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தாக வேண்டியதாயிற்று.

உட்கார்ந்தாளே தவிர உடம்பு உட்காரவில்லை. கால் ஆடிக்கொண்டே இருந்தது. மகள் காவேரி மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாளோ இல்லையோ. தக்காளி நாலு கூடை பழுத்து நிற்கிறது, இன்றைக்குப் பறிக்காவிட்டால் நாளைக்கு ஆட்டுக்குத்தான். நகக்கண்ணில் தக்காளிச் செடியின் பச்சைக் கறை கறுத்துக் கிடந்ததை இன்னொரு விரலால் சுரண்டினாள்.

“ஆடாதீங்கக்கா. கோடு கோணுது.”

“ஆடலைம்மா. அதுவா ஆடுது.”

மடியாத துணியாட்டம் இருந்த முகத்தோடு ஹசீனா மல்லுக்கு நின்றாள். அவளிடம் இருந்த பவுண்டேஷன் எல்லாம் டவுன் பெண்களுக்கானது. அதைப் பூசியதும் கண்ணம்மாளின் முகம் சாம்பல் பூசின மாதிரி தனியாகவும், கழுத்து தனியாகவும் நின்றது. கரும்பின் காய்ந்த இலைச் சோகை உரிக்கையில் தலையில் துணி கட்டிக் கட்டி, நெற்றியில் மேல்பாதி ஒரு நிறம், கீழ்ப்பாதி ஒரு நிறம். இரண்டு ட்யூபைக் கலந்து, அதில் கன்னத்துக்குப் பூசும் ரூஜையும் கொஞ்சம் குழைத்து, நெற்றிக்கு ஒன்று கன்னத்துக்கு ஒன்று என்று ஹசீனா வேறு வேறாகப் பூசினாள். உதட்டுக்குச் சிவப்பை எடுத்தபோது கேமரா பக்கமிருந்து கனி பாய் கத்தினார்.

“சிவப்பு வேணாம்! கறுப்பு வெள்ளையில கரியத் தின்ன வாயாட்டம் விழும். ரோஸ் போடு.”

“தெரியும், தெரியும். நீங்க உங்க பல்பப் பாருங்க.” பிறகு கண்ணம்மாளிடம் தணிந்த குரலில் சொன்னாள்: “இப்பத்த மேக்கப்புன்னா எல்லாத்தையும் இழைச்சு இழைச்சு மறைக்கணும்க்கா. அந்தக் காலத்துல மறைக்கறதே கெடையாது. புருவம் ஒரு கோடு, கண்ணு ஒரு கோடு, உதடு ஒரு கோடு. என் பென்சில் அதுக்குப் பத்தாது.” பென்சிலைப் போட்டுவிட்டு, கறுப்புச் சாந்துப் புட்டியைத் திறந்து, அதன் குச்சியாலேயே கண்ணோரத்தை இழுத்து வால் விட்டாள்.

கதவுக்கு அந்தப் பக்கமிருந்து கோவிந்தன் சொல்லிக்கொண்டே இருந்தான். காலையிலிருந்து பத்துத் தடவை சொல்லியாயிற்று.

“நெத்தியில சுருள் முடி ஒண்ணு எறங்கும்ங்க. எடது கன்னத்துல மச்சம். புருவம் வில்லு மாதிரி இருக்கும், மறந்துராதீங்க.”

கண்ணம்மாள் பல்லைக் கடித்தாள்.

“என்னக்கா?”

“எங்கக்காளுக்கு மச்சமே கெடையாது.”

ஹசீனாவின் கை நின்றது.

“தருமபுரியில அந்தப் படம் புடிக்கறப்ப நானும் கூடப் போயிருந்தேன். பன்னெண்டு வயசு எனக்கு. மச்சம் அந்த ஸ்டுடியோக்காரன் வெச்சது. சுருள் முடியும் அவன் எறக்கிவிட்டதுதான். அக்காளும் நானும் கல்லொடைக்கப் போவோம். ஒரு சில்லு தெறிச்சு இங்க, புருவத்துல பாதியக் கொண்டுட்டுப் போயிருச்சு. அந்தத் தழும்ப மறைக்கத்தான் அவன் முடிய இழுத்துவிட்டான். கண்ணாடிய நீட்டுனதும் எங்கக்கா என்னையப் பாத்து, ‘யாருடி கண்ணம்மா இவ?’ன்னு கேட்டா. அப்பிடிச் சிரிச்சா. சிரிக்காதம்மான்னு அவன் வைய்யறான்.”

“அப்ப நான் யாரப் போடட்டும்? உங்கக்காளையா, அந்தப் படத்தையா?”

கண்ணம்மாள் கதவுப் பக்கம் பார்த்தாள்.

“படத்தையே போடு. அவனுக்குத் தெரிஞ்சது அதுதான.”

மச்சம் ஏறியது. சுருள் முடி சர்க்கரைத் தண்ணீர் தடவி நெற்றியில் ஒட்டியது. கனி பாய் இரண்டு பெரிய பல்பையும் போட்டார். அடுப்புக்குள் தலையை விட்ட மாதிரி சூடு. “ம், உள்ள வரச் சொல்லுங்க, சரியான்னு பாக்கட்டும்” என்றார்.

கோவிந்தன் வந்தான். பின்னால் நஞ்சப்பன், துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு. வெளிச்சத்துக்குக் கண்ணை இடுக்கிய கோவிந்தன் அப்படியே நின்றான்.

“அம்மா” என்றான்.

இருபத்து மூன்று வருஷம். மூக்கு ஒழுகித் திரிந்த நாளிலிருந்து, பள்ளிக்கூடத்தில் அடி வாங்கி வந்த நாளிலிருந்து, மில்லில் சேர்ந்து முதல் சம்பளத்தில் சீலை எடுத்து வந்த நாள் வரைக்கும் அவளை அவன் சின்னம்மா என்றுதான் கூப்பிட்டான். அதில் அவளுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை, இந்த நிமிஷம் வரைக்கும். இப்போது, அவளுடையது இல்லாத ஒரு முகத்தைப் பார்த்து அந்த வார்த்தை எவ்வளவு லேசாக வந்துவிட்டது!

கண்ணம்மாள் ஸ்டூலிலிருந்து இறங்கினாள்.

“ஏங்கக்கா, எங்க போறீங்க?”

“டேய் கோயிந்தா. இந்தப் படம் மேல இருக்கும். நான் கீழ இருக்கோணும். அதான?”

“இப்ப எதுக்கு சின்னம்மா அது? அதான் பேசி முடிச்சதாச்சே.”

“யாரு பேசி முடிச்சது? எங்கிட்ட யாரு கேட்டா? நான் மணவறையில நிக்கறதுன்னா இந்த ஸ்டூல்ல உக்காருவேன். இல்லைன்னா இப்பவே தொடச்சுட்டு தக்காளி பறிக்கப் போறேன்.”

நஞ்சப்பன் முன்னால் வந்தான். “ஏண்டி, செத்தவ படத்துக்கு வெல பேசறியா? இதென்ன சந்தையா?”

“ஆமா, சந்தைதான். எம்மூஞ்சி வேணும், நான் வேணாம்னா அது சந்தையில்லாம என்னங்க?”

“மை ஒழுகுதுங்க!” ஹசீனா பஞ்சோடு நடுவில் பாய்ந்தாள். “பேசறவங்க சீக்கிரம் பேசுங்க. அக்கா, வேர்க்காதீங்க!”

வேர்க்காமல் எப்படி இருக்க? பல்புச் சூட்டில் நெற்றி நனைந்து, சுருள் முடி தளர்ந்தது. கண்ணோரத்து வால் கீழே வழியப் பார்த்தது. ஹசீனா ஒரு கையால் ஒற்றி, மறுகையால் விசிறினாள். கனி பாய் கேமராவுக்குப் பின்னால் நின்று, “ரெண்டு மணி நேர வேலைங்க, இன்னொரு தடவ போட இவகிட்ட சரக்கு இல்ல” என்று முனகினார்.

கோவிந்தன் அப்பனைப் பார்த்தான். அப்பன் சுவரைப் பார்த்தான்.

“அவங்க வூட்ல ஒத்துக்க மாட்டாங்க சின்னம்மா.”

“நீ கேட்டியா?”

கோவிந்தன் சட்டைப் பொத்தானைத் திருகினான்.

“கேக்கவே இல்ல. தலைய ஆட்டிட்டு வந்துட்ட.”

“சரி சின்னம்மா. நில்லு. நான் பேசிக்கறேன்.”

“எங்க நிக்கட்டும்?”

“அப்பங்கூட. எனக்கு வலப்பக்கம். போதுமா? உக்காரு சின்னம்மா, கையெடுத்துக் கும்புடறேன்.”

அவள் ஏறி உட்கார்ந்தாள். ஹசீனா நாலு இடத்தில் பவுடரை ஒற்றி விலகினாள். மடியில் கிடந்த கறைபட்ட விரல்களைச் சீலைக்குள் சொருகிக்கொள்ளச் சொன்னார் கனி பாய். மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு தடவை சொடுக்கிய சத்தம் கேட்டது.

“முடிஞ்சுதுங்க. நாளான்னிக்குப் பழுப்பு அடிச்சு, பழசு மாதிரியே தாறேன்.”

ஹசீனா தேங்காயெண்ணெய்ப் புட்டியோடு துடைக்க வந்தாள். கண்ணம்மாள் அவள் கையை விலக்கினாள்.

“பேசிக்கறேன்னியே, எப்படா?”

“ஞாயித்துக்கெழமைக்குள்ள போய்…”

“வியாழன் முகூர்த்தம் முடிஞ்சு, வர ஞாயித்துக்கெழமையா?” கோவிந்தன் நாக்கைக் கடித்தான். தேதி கூட அவனுக்கு ஓடவில்லை. “காரிமங்கலம் பஸ் நிக்குது. வா, இப்பவே போலாம்” என்றாள் கண்ணம்மாள்.

“இந்த மூஞ்சியோடயா?”

“கழுவிட்டு வர்றதுக்குள்ள பஸ்ஸும் போயிரும், உன் ரோசமும் போயிரும்.”

நஞ்சப்பன் வரமாட்டேன் என்று ஸ்டுடியோ படியிலேயே உட்கார்ந்துகொண்டான். பஸ்ஸில் ஏறியதும் தக்காளிக் கூடையை மடியில் வைத்திருந்த ஒருவன் வாயைப் பிளந்தான். கண்டக்டர், “என்னங்க ஆத்தா, எந்த ஊர்ல நாடகம்?” என்று கேட்டான். “உங்க வூட்டுக் கல்யாணத்துலதான், டிக்கெட்டக் குடு” என்றாள். பஸ் முழுக்கச் சிரித்தது. கோவிந்தன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவளுக்கும் உள்ளுக்குள் உதறல்தான். அவர்கள் கல்யாணத்தையே வேண்டாம் என்றுவிட்டால்? பையன் ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டான். இறங்கிவிடலாமா என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் முழங்காலில் கை ஊன்றினாள். எழவில்லை.

கருப்பண்ணன் களத்தில் ராகிக் கதிர் காயவைத்துக்கொண்டிருந்தார். புழுதியும் வேர்வையும் சேர்ந்து, வழிந்த மையும் வெளுத்த கன்னமுமாக ஒருத்தி வருவதைக் கண்டு கையிலிருந்த பலகையை ஊன்றி நின்றார்.

“வாங்க மாப்ள. யாரு இது கூட?”

கோவிந்தன் தரையைப் பார்த்தான். செருப்பால் ஒரு கதிரைத் தள்ளினான். கண்ணம்மாள் அவனுக்காகப் பேச வாயெடுத்து, பேசாமல் நிறுத்திக்கொண்டாள்.

“எங்கம்மாங்க” என்றான். “என்னைய வளத்தவங்க. மணவறையில எங்கப்பங்கூட இவங்கதான் நிப்பாங்க. அதச் சொல்லத்தான் வந்தேன்.”

“நம்ம பேச்சு அப்பிடி இல்லீங்களே. பெத்தவங்க படம்…”

“அந்தப் படம் மழையில போயிருச்சுங்க” என்றாள் கண்ணம்மாள். கோவிந்தன் அவள் முழங்கையைப் பிடித்தான். அவள் நிறுத்தவில்லை. “இவன் உங்ககிட்டச் சொல்லப் பயந்துக்கிட்டான். என்னைய இப்பிடிப் பூசி உக்காரவெச்சு எடுத்திருக்கறோம். பின்னால தெரிஞ்சு நீங்க கேக்கறதுக்கு, இப்பவே சொல்லிர்றேன்.”

கருப்பண்ணன் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

“அப்ப மேல படத்துலயும் நீங்கதான், கீழயும் நீங்கதானா?”

“கீழ இல்லீங்க.”

வாசலுக்கு வந்திருந்த அவர் சம்சாரம் சென்னம்மாள் குபீரென்று சிரித்துவிட்டாள். கருப்பண்ணன் திரும்பி முறைத்தார். “எங்க பெரியப்பனுக்கு என்ன பதில் சொல்றது? ஊரு என்ன பேசும்?”

“ஊரு கெடக்குது. வெயில்ல நிக்க வெச்சே பேசறீங்க” என்று சொல்லிக்கொண்டே சென்னம்மாள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

கண்ணம்மாள் களத்தோரம் குனிந்து முகத்தில் அறைந்து அறைந்து கழுவினாள். சாம்பலும் கறுப்புமாகத் தண்ணீர் கல்லில் ஓடியது. முந்தானையால் அழுத்தித் துடைத்து நிமிர்ந்தாள்.

“நல்லாப் பாத்துக்குங்க. வியாழக்கெழமை நிக்கப்போறது இந்த மூஞ்சிதான்.”

கருப்பண்ணன் பார்த்தார். பலகையை எடுத்துக் கதிரைத் தள்ள ஆரம்பித்தார். வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை.

“கண்ணுல மை இன்னும் போகலைங்களே” என்றாள் சென்னம்மாள். “இருங்க சம்பந்தி, சோப்பு எடுத்தாரேன்.”