நாலாம் நம்பர் பதில்

என் தங்கையின் கடிதத்தைக் கூட வேலை பார்க்கும் கெஸ்யா வாய்விட்டுப் படித்தபோது, நாங்கள் ஒன்பது பெண்களும் தேநீரில் ரொட்டியை நனைத்துத் தின்றுகொண்டிருந்தோம். அது அவள் கடிதம் என்று முதலில் எனக்குத் தெரியவில்லை. நானும் சிரித்தேன்.

நாட்டிங்ஹாமில், 'ட்ரஸ்காட் அம்மாளின் நரம்புத் துளிகள்' தயாரான கட்டடத்தின் மூன்றாம் மாடியில் எங்கள் அறை. கீழே புட்டிகளில் மருந்தை நிரப்புவார்கள், மேலே நாங்கள் பதில் எழுதுவோம். தூக்கமில்லை, நெஞ்சு படபடக்கிறது, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்று நாடு முழுவதிலுமிருந்து பெண்கள் எழுதுவார்கள். 'ஆண் கண் படாது, அம்மாள் மட்டுமே வாசிப்பார்' என்று விளம்பரம் சொல்லும். அப்படி ஓர் அம்மாள் உலகத்திலேயே கிடையாது. மேற்பார்வையாளர் கிராம்ப்டன்தான் கடிதங்களைப் பிரித்து, மூலையில் சிவப்புப் பென்சிலால் ஓர் எண் போடுவார். அந்த எண்ணுக்கு உரிய பதிலை அச்சடித்த தாளைப் பார்த்து நாங்கள் எழுதுவோம். எல்லோருக்கும் ஒரே சாய்ந்த கையெழுத்தைப் பழக்கியிருந்தார்கள். கடிதத்தை வாசிக்க நேரமில்லை, எண்ணையும் விலாசத்தையும் பார்த்தால் போதும்.

நாலாம் நம்பர், பிரசவத்துக்குப் பிறகு மனம் ஒடிந்தவர்களுக்கு. "அன்பு மகளே, ஆறு பெற்றவளுக்கு இது தெரியாதா? இன்னும் இரண்டு கரண்டி கூட்டிக்கொள். யாரிடமும் சொல்லி மனதைக் குழப்பிக்கொள்ளாதே." தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எழுதிவிடுவேன்.

வேலையைப் பற்றி வெளியில் மூச்சுவிட மாட்டோம் என்று எழுதி வாங்கியிருந்தார்கள். அதனால் விதை வியாபாரி ஒருவரிடம் குமாஸ்தா என்று வீட்டில் சொல்லியிருந்தேன். வீடு என்றால் தங்கை லவினியாவின் வீடு. அவள் கணவன் ஜோசையா லேஸ் ஆலையில் வேலை பார்த்தான். ஐந்து மாதக் குழந்தை மேபல். மாடியில் பின்னறை எனக்கு.

கெஸ்யாவுக்கு நாடகக்காரியின் குரல். ருசியான கடிதம் கண்ணில் பட்டால் எடுத்துவைத்து, ரொட்டி வேளையில் நடித்துக் காட்டுவாள்.

"கேளுங்கடி, இன்னிக்கு ஒருத்தி மாட்டியிருக்கா," என்று நாற்காலிமேல் ஏறினாள். "'அன்புள்ள அம்மா, நீங்க சொன்னபடி கூட்டிக் கூட்டி இப்ப எட்டுக் கரண்டி குடிக்கிறேன். குடிச்சா கொஞ்ச நேரம் கல்லாட்டம் கிடக்கேன். அப்புறம் முன்னைக்கு மோசம்.'"

"எட்டா? அடுத்த தடவை பீப்பாயையே அனுப்புங்கடி!" என்றாள் ஒருத்தி. அறையே அதிர்ந்தது.

கெஸ்யா மூக்கை உறிஞ்சி அழுவதுபோல் தொடர்ந்தாள். "'குழந்தையைக் குளிப்பாட்ட உக்காந்தா என் கை என் கையா இல்லம்மா. தண்ணியில அமுக்கிடுமோன்னு பயமா இருக்கு. மூணு வாரமா குளிப்பாட்டல. அவ காதுக்குப் பின்னால செர்ரிப்பழமாட்டம் ஒரு மச்சம். அதைத் தொட்டுத் தொட்டு, இது என் புள்ளை, என் புள்ளைன்னு சொல்லிக்கிறேன். வீட்டுல அக்கா இருக்கா. படிச்சவ, விதைக்கடை ஆபீஸ்ல வேலை. அவளுக்குத் தெரிஞ்சா என்னைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவா. புதன்கிழமைக்குள்ள பதில் போடுங்கம்மா.'"

அன்று வியாழக்கிழமை.

"டோர்கஸ், என்னடி பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?"

நான் எழுந்ததே எனக்குத் தெரியாது. கெஸ்யாவின் கையிலிருந்து தாளைப் பிடுங்கினேன். மளிகைச் சீட்டில் நான் தினமும் பார்க்கும் அதே கோணல் எழுத்து. கீழே 'திருமதி ஃபெல்' என்று ஒரு பொய்ப் பெயர், தபால் ஆபீஸில் போய் வாங்கிக்கொள்ளும் விலாசம். மேஜையில் அவளுடைய பழைய கடிதங்கள் மூன்று ஊசியில் கோத்துக் கிடந்தன. மூன்றிலும் சிவப்பு நாலு. பதில் எழுதியவளின் அடையாளம் ஓரத்தில் இருக்கும். முதல் இரண்டிலும் இருந்தது என் அடையாளம்.

கதவருகில் கிராம்ப்டன் வழியை மறித்தார். "மிஸ் பர்கின், மணி இன்னும் அடிக்கல."

"இது என் தங்கச்சி எழுதினது."

அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீங்க போறதுன்னா போங்க. கடிதத்தை வச்சுட்டுப் போங்க. அது கம்பெனி சொத்து."

தாளை மார்க்கச்சைக்குள் செருகி, அவரைத் தள்ளிக்கொண்டு படியிறங்கினேன். மேல்கோட்டு, தொப்பி எல்லாம் அங்கேயே கிடந்தன. வெறுந்தலையோடு ஒரு பெண் தெருவில் ஓடுவதை மீன்கடைக்காரர்கள் கூவிக் கேலி செய்தார்கள். காதில் விழுந்தது, கால் நிற்கவில்லை.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. அடுக்களையில் அடுப்பு அணைந்து கிடந்தது. லவினியா இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் அழுத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே தகரத் தொட்டி, விளிம்புவரை தண்ணீர். சோப்பு நுரை படிந்து அடி தெரியவில்லை.

"குழந்தை எங்கே லவி?"

"பத்திரமா இருக்கா."

"எங்கேடி?"

அவள் தொட்டியைப் பார்த்தாள். நான் மண்டியிட்டு, தோள்வரை கையை விட்டுத் துழாவினேன். குளிர்ந்த தண்ணீர், சோப்புக் கட்டி, ஒரு துணி. துணியைத் தூக்கியபோது அது குழந்தையின் சட்டை. உள்ளே யாருமில்லை. என் தொண்டையிலிருந்து என்ன சத்தம் வந்ததோ, மாடியிலிருந்து மேபல் பதிலுக்கு வீறிட்டாள்.

என் அறைதான். பூட்டியிருந்தது.

"சாவி?"

"கொல்லைக் கக்கூஸ் குழியில போட்டுட்டேன்," என்றாள் லவினியா படிக்கட்டின் அடியில் நின்று. "என் கைக்கு அது கிடைக்கக் கூடாதுன்னுதான்க்கா."

கரி உடைக்கும் சுத்தியலால் பூட்டை நொறுக்கினேன். என் கட்டிலில் நாலு பக்கமும் தலையணை அடுக்கி, நடுவே குழந்தை. ஈரத்தில் ஊறி, அழுது தொண்டை கட்டி, உயிரோடு. அவளைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தேன். என் மார்க்கச்சையிலிருந்து துருத்திய தாளை லவினியா பார்த்துவிட்டாள்.

"அது உன்கிட்ட எப்படி வந்துச்சு? நான் ட்ரஸ்காட் அம்மாவுக்குல்ல எழுதினேன்?"

"அப்படி ஒருத்தி இல்ல லவி. நான் வேலை பார்க்கிறது அங்கேதான். உனக்கு ரெண்டு தடவை பதில் எழுதினது நான்தான்."

"அவங்க ஆறு புள்ளை பெத்தவங்க," என்றாள், குழந்தைக்குச் சொல்வதுபோல.

"அது எல்லாருக்கும் எழுதுறது."

அவள் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு கேட்டாள்: "என் கடுதாசியைப் படிச்சிட்டுமா அப்படி எழுதினே?"

"படிக்கல. நம்பரை மட்டும் பார்த்தேன். இன்னிக்கு ஒருத்தி படிச்சுக் காட்டினா. எல்லாரும் கேட்டோம்."

"சிரிச்சீங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். "சிரிச்சேன்," என்றேன்.

அவள் என்னை அடிக்கவில்லை. "புள்ளையை நீயே வச்சுக்கோ. என்கிட்ட குடுத்துடாதே," என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மாலை ஜோசையா வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். ஏழைகளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரைக் கையோடு கூட்டிவந்தான். அவர் புட்டியை முகர்ந்து, ஒரு சொட்டு நாக்கில் வைத்தார். "சாராயமும் அபினியும். எட்டுக் கரண்டியா? என் வண்டிக் குதிரையே படுத்துடும்." ஒரேயடியாக நிறுத்தக் கூடாது, நாளுக்கு நாள் குறைக்க வேண்டும் என்றார். மூன்று வாரம் லவினியா வியர்த்து, வாந்தியெடுத்து, உடம்பு முழுக்க உதறிக் கிடந்தாள். பக்கத்து வீட்டு மிஸஸ் பெக் தினமும் வந்து, அவள் கண்ணெதிரில் குழந்தையைக் குளிப்பாட்டினாள். நவம்பரில் ஒருநாள் லவினியா தானே எழுந்துவந்து, தண்ணீரில் முழங்கையை வைத்துச் சூடு பார்த்தாள். "கொதிக்குது, ஆத்துங்க," என்றாள். மிஸஸ் பெக் ஏப்ரனில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

என்னோடு மட்டும் அவள் பேசவில்லை.

வேலையை விட்டபின் பழைய கடிதங்களைக் கேட்டு ஒரு தடவை கிராம்ப்டனிடம் போனேன். அவர் இருமி முடித்து, "கட்டுக்கட்டா லண்டனுக்கு வித்தாச்சே," என்றார். "நரம்புக்குன்னு இடுப்புல கட்டுற மின்சார பெல்ட் விக்கிறவங்க விலாசத்துக்காக வாங்கிட்டாங்க. எல்லாக் கம்பெனியும் செய்றதுதான் மிஸ் பர்கின்."

கிறிஸ்துமஸுக்கு முன்பு லவினியா தபால் ஆபீஸிலிருந்து திருமதி ஃபெல்லுக்கு வந்த பதினொரு உறைகளோடு வந்தாள். பெல்ட், மாத்திரை, நரம்புத் தேயிலை. என் எதிரே உட்கார்ந்து ஒன்றைப் பிரித்தாள். 'அன்புச் சகோதரி, உன் வேதனையை நான் அறிவேன்' என்று தொடங்கியிருந்தது. இன்னொன்று. அதுவும் அப்படியே. மூன்றாவதைப் பிரித்துவிட்டுத் தலைநிமிர்ந்தாள். மூன்று மாதத்தில் என்னிடம் அவள் கேட்ட முதல் கேள்வி அது.

"அக்கா, இதுல நீ எழுதினது எது?"

"ஒண்ணும் இல்ல லவி."

நம்பினாளோ என்னவோ. நாலாவது உறையைக் கையில் எடுத்தாள்.